கேளுங்க சொல்றோம்: ரேம் வாங்குறதுக்கு முன்னாடி விஎம்ஸ்டாட் போட்டுப் பாருங்க

கேள்வி: அண்ணா வணக்கம், எங்க மளிகைக் கடை பில்லிங் ஒரு உபுண்டு மெஷின்ல ஓடுது, 4 கோர், 8 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். சாயங்காலம் 6 மணி ஆனா பில்லு வர்றதுக்கே இழுக்குது, ஜனங்க வரிசைல நிக்கிறாங்க. டாப் கமாண்ட் போட்டா லோடு ஆவரேஜ் (ஓடுற, காத்திருக்கிற வேலைகளோட சராசரி எண்ணிக்கை) 6-ங்குது, ஆனா சிபியு 10 சதவீதம் கூட வேலை செய்யல, ஃப்ரீ மெமரி வெறும் 200 எம்பி. கம்ப்யூட்டர் கடைல ரேம் போடச் சொல்றாங்க, போடலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்கு காசை எடுக்காதீங்க. ஃப்ரீ 200 எம்பின்னு பார்த்து பயப்படவும் வேணாம், சும்மா கெடக்குற ரேமை எல்லாம் லினக்ஸ் டிஸ்க்ல படிச்சதை கேஷா (மறுபடி சீக்கிரம் எடுக்க ஒரு நகலா) வச்சுக்க எடுத்துக்கும், ப்ரோகிராம் கேட்டா பெரும்பாலும் உடனே விட்டுக் கொடுத்துடும், ஃப்ரீ கமாண்ட்ல கடைசியா அவைலபிள்னு ஒரு நம்பர் வரும் பாருங்க அதைத்தான் நம்பணும், 2014-ல வந்த 3.14 கெர்னல்லேர்ந்து (கெர்னல்னா லினக்ஸோட மையப் பகுதி) கெர்னலே அந்தக் கணக்கைப் போட்டுத் தருது.

லோடு 6-ன்னா சிபியு திணறுதுன்னும் அர்த்தம் இல்ல. டிஸ்க்குக்காக காத்துக் கெடக்குற ப்ராசஸையும் லினக்ஸ் 1993-லேர்ந்தே லோடுல சேர்த்துத்தான் எண்ணுது. சிபியு சும்மா இருக்கு லோடு மட்டும் ஏறுதுன்னா எனக்கு முதல் சந்தேகம் டிஸ்க் மேலதான்.

விஎம்ஸ்டாட் (vmstat)னு ஒரு கமாண்ட், மெமரி, டிஸ்க், சிபியு நிலவரத்தை வரி வரியா காட்டும். இழுக்குற நேரத்துல "விஎம்ஸ்டாட் 1 10"னு அடிங்க, செகண்டுக்கு ஒரு வரியா 10 வரி வரும். முதல் வரிய விட்டுடுங்க, அது மெஷின் ஆன் பண்ணதுலேர்ந்து எடுத்த சராசரி, நெறைய பேர் அதையே பார்த்து ஏமாந்துடுறாங்க. எஸ்ஐ (si), எஸ்ஓ (so) ரெண்டும் ஸ்வாப்லேர்ந்து (ரேம் பத்தாதப்போ டிஸ்க்ல எடுத்துக்கிற இடம்) ரேமுக்கு உள்ள வர்றதும், ரேம்லேர்ந்து ஸ்வாப்புக்கு வெளிய போறதும், அது வரிக்கு வரி ஓடிட்டே இருந்தா ரேம் நிஜமாவே பத்தல, வாங்குங்க. சைபராவே இருந்தா பெரும்பாலும் ரேம் மேல தப்பு இல்ல (எஸ்டபிள்யூபிடி-ல, அதாவது ஸ்வாப்ல இப்ப இருக்கிற அளவுல, ஏதாவது நம்பர் இருந்தா பரவால்ல, அது எப்பவோ போய் உக்காந்தது). அப்புறம் பி-யைப் பாருங்க, டிஸ்க்குக்கு காத்திருக்கிற ப்ராசஸ் எத்தனைன்னு அதுல தெரியும், டபிள்யூஏ-வும் (டிஸ்க்குக்காக சிபியு சும்மா காத்திருந்த நேரம், சதவீதத்துல) கூடவே ஏறும். உங்களுது 4 கோர், அதனால ஒரு கோர் முழுசா டிஸ்க்கையே பார்த்துட்டு இருந்தாலும் டபிள்யூஏ 25 தான் காட்டும், கம்மியா இருக்கேன்னு விட்டுடாதீங்க.

பி ஏறியிருந்தா சுடோ (அட்மின் உரிமையோட ஓட்டுறது) போட்டு ஐயோடாப் ஓட்டுங்க, இல்லன்னா இன்ஸ்டால் பண்ணிக்கோங்க, டிஸ்க்கைப் புடிச்சுட்டு இருக்கிறது யாருன்னு பேரோட சொல்லிடும். டெய்லி கரெக்டா 6 மணின்னா யாராவது பேக்கப்பை அந்த நேரத்துக்கு க்ரான்ல (நேரம் குறிச்சு வச்சா தானா வேலையை ஓட்டுறது) போட்டு வச்சிருப்பாங்களோன்னு தோணுது, அப்படி இருந்தா ராத்திரிக்கு மாத்துங்க, பைசா செலவில்ல. பில்லிங் டேட்டாபேஸேதான் டிஸ்க்கை இழுக்குதுன்னா ரேம் காசை எஸ்எஸ்டி-ல போடுங்க. ஒரு ஆபீஸ்ல நான் ஃப்ரீயை மட்டும் பார்த்துட்டு ரேம் வாங்கச் சொல்லி, போட்ட பிறகும் அதே இழுவை, கடைசில பார்த்தா பேக்கப். அவங்க காசு வீணானது இன்னும் உறுத்துது, அதனாலதான் இவ்ளோ நீட்டிச் சொல்றேன்.

கேள்வி: வாடகைக்கு எடுத்த விபிஎஸ்-ல (ஒரு பெரிய சர்வரைப் பிரிச்சுக் குடுக்கிற மெய்நிகர் சர்வர்) விஎம்ஸ்டாட் போட்டா எஸ்டி 20, 30-ன்னு வருது, அது என்னங்க?

பதில்: உங்க ப்ரோகிராம் ஓட ரெடியா இருந்தும் ஹைப்பர்வைசர் (அந்த சர்வரைப் பிரிச்சுக் குடுக்கிற சாஃப்ட்வேர்) அந்த சிபியு நேரத்தை பெரும்பாலும் அதே சர்வர்ல இருக்கிற வேற விஎம்-க்கு (மெய்நிகர் மெஷின்) குடுத்துடுச்சுன்னு அர்த்தம். அது பெரும்பாலும் உங்க கோடோட தப்பு இல்ல. "விஎம்ஸ்டாட் -டி 5 1440"னு போட்டு ஃபைல்ல எழுத விடுங்க, ரெண்டு மணி நேரக் கணக்கு டைமோட இருக்கும், அதை அப்படியே ஹோஸ்டிங்காரங்களுக்கு அனுப்பி வேற நோடுக்கு (வேற சர்வருக்கு) மாத்தக் கேளுங்க.