பகடை ஆடும் இரு வீரர்கள்

கேள்வி: பண்டைக் கிரேக்கக் குடங்களில் காணப்படும் புராணக் காட்சிகள் ஹோமரின் காவியங்களை அப்படியே பின்பற்றியவையா? செந்நிற மண்ணின் மேல் அந்தப் பளபளக்கும் கறுப்பு எவ்வாறு வந்தது?

பதில்: காவியம் சொல்லாத இடத்திலும் அந்த ஓவியர்கள் கதை சொன்னார்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ள, இரு கைப்பிடிகள் கொண்ட ஒரு பெரிய குடம் இதற்குச் சான்று. கி.மு. 540-530 அளவில் ஏதென்ஸில் உருவாகி, இத்தாலியில் எட்ருஸ்கர் என்ற பண்டை மக்களின் வுல்ச்சி நகரில் கண்டெடுக்கப்பட்ட அதில், தன்னைத் தீட்டியவரும் செய்தவரும் எக்சேகியாஸ் என்று குடமே சொல்வதாக எழுதப்பட்டிருக்கிறது.

அக்குடத்தின் ஓவியத்தில், ட்ராய்ப் போரின் மாவீரர்களான அக்கிலீசும் அயாக்சும் எதிரெதிரே அமர்ந்து பகடை ஆடுகிறார்கள். அப்போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் இக்காட்சி இல்லை. அக்கிலீசின் வாயருகே 'நான்கு' என்றும் அயாக்சின் வாயருகே 'மூன்று' என்றும் கிரேக்க எழுத்துகள் உள்ளன. ஆட்டத்தில் மூழ்கியிருந்தும் இருவரும் ஈட்டிகளைக் கீழே வைக்கவில்லை. அக்கிலீஸ் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. அவன் போரில் மடியப்போகிறவன் என்பதும், அவனுடைய போர்க்கவசம் தனக்குக் கிடைக்காத அவமானத்தில் அயாக்ஸ் தன்னையே மாய்த்துக்கொள்வான் என்பதும் அறிந்து பார்ப்பவருக்கு, அந்த ஒரே ஓர் எண்ணின் வித்தியாசம் நெஞ்சை அழுத்தும். போர்க்களத்தின் ஆரவாரத்தை விட்டு இந்த அமைதியைத் தேர்ந்ததையே எக்சேகியாசின் பெருமை என்பேன்.

இனி, கறுப்பு. அது தனிச் சாயம் அன்று. இரும்புச் சத்து மிகுந்த அதே களிமண்ணை நீரில் கரைத்துத் தெளியவைத்து எடுத்த நுண்ணிய குழம்புதான். சூளையில் முதலில் காற்றோட்டத்துடன் சுடும்போது குடம் முழுவதும் சிவக்கும். பிறகு காற்றுவழிகளை அடைத்துப் பச்சை விறகு இட்டால் எல்லாமே கறுக்கும். அந்த வெப்பத்தில் குழம்பு பூசிய இடம் மட்டும் கண்ணாடிபோல் இறுகிவிடும். மீண்டும் காற்றை விடும்போது, பூசாத மண் சிவப்புக்குத் திரும்ப, இறுகிய பகுதிக்குள் காற்று புக முடியாமல் கறுப்பு நிலைத்துவிடுகிறது.

சுடுவதற்கு முன்பே, பூசிய குழம்பைக் கூரிய முனையால் கீறி, உள்ளிருக்கும் மண் தெரியுமாறு கோடுகள் இழைப்பார்கள். வீரர்களின் மேலாடைகளில் உள்ள மயிரிழை போன்ற பூவேலைகள் இவ்வாறு பிறந்தவையே. பிரான்சின் பூலோன்-சுர்-மேர் நகரிலுள்ள மற்றொரு குடத்திலும் எக்சேகியாஸ் அயாக்சைத் தீட்டியிருக்கிறார். அங்கே அவன் தனியாகக் குனிந்து, தான் விழப்போகும் வாளை மண்ணில் நட்டுக்கொண்டிருக்கிறான். அவனுடைய துயரம் முழுவதையும் நெற்றியில் கீறிய சில சுருக்கக் கோடுகளிலேயே காணலாம்.