மகனின் சைலன்சர் டிரஸ்டில் அப்பா பெயர் இருக்கலாமா?

கேள்வி: என் மூத்த மகன் டெக்சாஸில் இருக்கிறார், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். வேட்டைத் துப்பாக்கிக்கு மாட்டும் சைலன்சர் இரண்டு வாங்கி, ஒரு டிரஸ்ட் எழுதி அதன் பெயரில் வைக்கப் போகிறாராம். எச்1பி விசாவில் டல்லாஸில் வேலை பார்க்கும் அவர் தம்பியையும், வருடம் ஒருமுறை போய்வரும் என்னையும் டிரஸ்டியாகச் சேர்ப்பதாகச் சொல்கிறார். கையெழுத்துப் போடலாமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: போடாதீர்கள். தம்பியும் போட வேண்டாம். பயனாளிகளாக உங்கள் இருவர் பெயரும் இருக்கலாம். பயனாளி என்பவர் பின்னால் பொருளையோ அதன் பணத்தையோ பெறுபவர். டிரஸ்டி அப்படியல்ல, இன்றே பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர்.

டிரஸ்ட் எதற்கு என்பதிலிருந்து வருவோம். அமெரிக்காவில் 1934-ஆம் வருடத்துத் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி ஒவ்வொரு சைலன்சரும் வரிசை எண்ணோடு ஏ.டி.எஃப். என்ற மத்திய அமைப்பிடம் பதிவாக வேண்டும். தனி ஆள் பெயரில் பதிந்தால் அந்த ஒருவர்தான் வைத்திருக்கலாம். அவர் ஊரில் இல்லாத நேரம் மனைவியிடம் பெட்டகச் சாவி இருந்தாலே, பதிவில்லாத பொருள் அவர் கைவசம் இருந்ததாக வழக்கு வரலாம். டிரஸ்ட் பெயரில் பதிந்தால், வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாத எந்த டிரஸ்டியும் எடுக்கலாம், பயன்படுத்தலாம். எழுதியவர் இறந்தாலும் டிரஸ்ட் தொடரும். சொத்து நீதிமன்றத்தில் காத்துக் கிடக்காது. இந்த இரண்டுக்காகத்தான் டிரஸ்ட்.

முன்பு இன்னொரு காரணமும் இருந்தது. தனி ஆள் விண்ணப்பத்துக்கு உள்ளூர் போலீஸ் தலைவரின் கையெழுத்து தேவைப்பட்டது, டிரஸ்டுக்குத் தேவைப்படவில்லை. 2016 ஜூலை 13 முதல் அது மாறிவிட்டது. இப்போது கையெழுத்து யாருக்கும் வேண்டாம். போலீஸ் தலைவருக்கு நகல் அனுப்பினால் போதும். ஆனால் டிரஸ்டில் அதிகாரம் உள்ள ஒவ்வொருவரும் தனிப் படிவம், புகைப்படம், இரண்டு கைரேகை அட்டைகள் தர வேண்டும். 'டிரஸ்ட் எழுதினால் சோதனை இல்லை' என்று இன்றும் யாராவது சொன்னால் அது பத்து வருடப் பழைய பேச்சு. ஒரு சைலன்சருக்கு 200 டாலர் என்றிருந்த வரியும் 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. வரிதான் போயிற்று. பதிவும் கைரேகையும் அப்படியே இருக்கின்றன.

இனி உங்கள் விஷயம். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் சைலன்சரும் துப்பாக்கிதான். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. எச்1பி, மாணவர் விசா, உங்கள் சுற்றுலா விசா மூன்றும் இந்த வகை. மீறினால் 15 வருடம் வரை சிறை, விசாவும் போகும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவருக்கு விதிவிலக்கு உண்டு. அது காலாவதியாகும் நாளில் பாதுகாப்பும் காலாவதியாகும். அதை நம்பிக் குடும்பப் பத்திரம் எழுதுவது சரியல்ல. தம்பிக்கு கிரீன் கார்டு வந்த பிறகு திருத்தப் பத்திரம் எழுதி அவரைச் சேர்க்கலாம், தாமதம் ஒன்றுமில்லை.

டிரஸ்டியாக மகனும், குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் மருமகளும் போதும். பத்திரத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறோம். மகனே ஒரே டிரஸ்டி, அவரே ஒரே பயனாளி என்று எழுதினால் டிரஸ்டே சட்டத்தில் நிற்காது; பயனாளியாக வேறொருவர் வேண்டும். மகனுக்குப் பின் பொறுப்பேற்கும் அடுத்த டிரஸ்டியின் பெயர் வேண்டும், முடிந்தால் அவருக்கு அடுத்தவர் பெயரும். பேரப்பிள்ளைகள் பயனாளிகள் என்றால், அவர்களுக்கு 21 வயது ஆகும்வரை டிரஸ்டியே வைத்திருக்க வேண்டும் என்ற வரி வேண்டும். 'பயனாளி சட்டப்படி பெற முடியாதவராக இருந்தால் உரிமம் பெற்ற வியாபாரியிடம் விற்றுப் பணத்தைக் கொடுக்க வேண்டும்' என்ற வரியை நீங்களே கேட்டு எழுத வையுங்கள். ராமநாதபுரத்தில் இருக்கும் உங்களுக்குப் பயன்படப் போவது அந்த ஒரு வரிதான்.

சிக்கல் வருவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். பத்திரத்தில் உள்ள டிரஸ்ட் பெயருக்கும் விண்ணப்பத்தில் எழுதிய பெயருக்கும் ஒரு சொல் வித்தியாசம் இருந்தாலும் திரும்பி வரும். டிரஸ்டுக்குக் கையெழுத்தும் நோட்டரியும் ஆகித் தேதி விழுந்த பிறகுதான் வாங்கும் விண்ணப்பமான 4-ஆம் படிவம் போக வேண்டும். சிலர் முதலில் தன் பெயரில் வாங்கிவிட்டு, பிறகு டிரஸ்டின் சொத்துப் பட்டியலில் எழுதிக்கொள்கிறார்கள். அது செல்லாது. தன் பெயரிலிருந்து தன் டிரஸ்டுக்கு மாற்றவும் புது 4-ஆம் படிவமும் ஒப்புதலும் வேண்டும். வீடு மாறினாலும் கவனம் தேவை: கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் உட்பட எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் சைலன்சர் வைத்திருக்கவே முடியாது.

மகனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அடுத்த டிரஸ்டி பெட்டகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துப் பூட்டி வைக்கலாம். பயனாளி கையில் கொடுப்பது, அவர் பெயருக்கு மாற்றும் விண்ணப்பமான 5-ஆம் படிவத்தோடு இறப்புச் சான்று, டிரஸ்ட் நகல், பெறுபவரின் கைரேகை எல்லாம் போய் ஒப்புதல் வந்த பிறகுதான். நினைவுப் பொருள்தானே என்று துக்க வீட்டிலேயே எடுத்துக் கொடுத்தால் அது 10 வருடம் வரை சிறை தரும் குற்றம். அந்த நேரத்தில் பாசத்தில் செய்யும் தவறு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

கேள்வி: பயனாளி என்ற முறையில் சைலன்சரைப் பிரித்து, பாகங்களாக ஊருக்குக் கொண்டுவர முடியுமா?
- வாசகர், தொண்டி

பதில்: கூடாது. இந்திய ஆயுதச் சட்டம், 1959, பிரிவு 2 துப்பாக்கி என்பதற்குச் சொல்லும் பொருளிலேயே, சுடும் சத்தத்தையோ தீப்பிழம்பையோ குறைக்கும் துணைக்கருவியும் அடக்கம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 வருடம் சிறை. அமெரிக்காவை விட்டு வெளியே கொண்டு போகவும் அங்குள்ள வெளியுறவுத் துறையின் உரிமம் வேண்டும். உள்ளே இருக்கும் ஒற்றைத் தடுப்புத் தகட்டைக்கூட அந்த ஊர்ச் சட்டம் முழு சைலன்சராகவே எண்ணுகிறது.

கேள்வி: சைலன்சர் மாட்டினால் சத்தமே வராதா? லேத் பட்டறையில் செய்துவிடலாம் என்று நண்பர் சொல்கிறார்.
- வாசகர், சாயல்குடி

பதில்: வரும். வேட்டை ரைபிளின் சத்தம் 160 டெசிபெலைத் தாண்டும். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 வரைதான் குறைக்கும். காது கெடாமல் காப்பதே அதன் பயன். பட்டறையில் செய்வது உரிமமற்ற ஆயுதத் தயாரிப்பு. இந்திய ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் தண்டனை 7 வருடம் முதல் ஆயுள் வரை. கடைந்து கொடுப்பவருக்கும் அதேதான். நண்பரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. லைசென்ஸ் உள்ள 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் போல நாங்களும் குடும்ப டிரஸ்ட் எழுதி அதில் வைத்துவிடலாமா? நாங்கள் இரண்டு மகன்கள், ஒரு மகள்.
- வாசகர், சக்கரக்கோட்டை

பதில்: டிரஸ்ட் எழுதி இங்கே பயனில்லை. லைசென்ஸ் அப்பா என்ற ஆளுக்குக் கொடுத்தது. பத்திரம் எழுதி அது உங்களிடம் வராது. அதே காரியத்துக்கு ஆயுத விதிகள் 2016-இல் 25-ஆம் விதி இருக்கிறது. உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, தான் நியமிக்கும் வாரிசுக்கு உரிமம் கேட்கலாம். அப்பாவுக்குத் தகுதி வந்தாயிற்று. அவர் இருக்கும்போதே செய்யுங்கள். அவரே நேரில் வந்து யாருக்கு என்று சொல்வதைவிடப் பலமான ஆவணம் கிடையாது.

மகளும் வாரிசுதான். யார் வாங்குவது என்று மூவரும் பேசி முடிவு செய்து, மற்ற இருவரும் ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். விண்ணப்பிப்பவர் இழப்பீட்டு உறுதிப் பத்திரம் தர வேண்டும். உரிமம் கேட்கும் விண்ணப்பமான ஏ-1 படிவம், மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று சேர்த்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். பிறகு போலீஸ் விசாரணை வரும். வாங்குபவரிடம் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால் எண்ணிக்கை பாருங்கள்: 2019 முதல் ஒருவருக்கு இரண்டுதான், வாரிசு வழி வந்தாலும்.

நம் கரைக்கென்று ஒன்று உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்கு 10 கிலோமீட்டருக்குள் புது ஆயுத உரிமம் தர தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். சக்கரக்கோட்டைக் கண்மாயே பறவைகள் சரணாலயம். தேர்த்தங்கால், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர், கடலில் மன்னார் வளைகுடாத் தீவுகள் என்று வட்டம் போட்டால் மாவட்டத்தில் பல ஊர்கள் உள்ளே வரும். விண்ணப்பத்தோடு வீட்டுக்கும் சரணாலயத்துக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக் கொடுத்தால், கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்கவாவது வழி இருக்கும்.

இதெல்லாம் முடிவதற்குள் அப்பா காலமாகிவிட்டால், துப்பாக்கியையும் மிச்சத் தோட்டாக்களையும் தாமதமில்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். கேட்டுப் பெறவோ, உரிமம் உள்ளவருக்கு விற்கவோ வாரிசுகளுக்கு உரிமை உண்டு. குறித்த காலத்துக்குள் செய்யாவிட்டால் அரசுக்குப் போய்விடும். கொடுக்கும் முன் குழலுக்குள்ளும் பூட்டுப் பகுதியிலும் துப்பாக்கி எண்ணெய் பூசுங்கள். தோல் உறையில் போட்டுக் கொடுக்காதீர்கள். உப்புக்காற்றின் ஈரத்தைத் தோல் பிடித்து வைத்து, சில மாதங்களிலேயே குழலில் துருப்புள்ளி விழும். ரசீதில் துப்பாக்கி எண், குழலின் நிலை, தோட்டா எண்ணிக்கை மூன்றும் எழுதி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.