கான்கிரீட்டில் ஆராய இன்னும் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் கட்டமைப்புப் பொறியியலில் முதுகலை முடித்துவிட்டார். கையில் வேலையும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு கான்கிரீட்டில் முனைவர் பட்டம் செய்யப் போகிறேன் என்கிறார். கூடவே, பொறியியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதையும் ஆராய வேண்டும் என்கிறார். "இத்தனை காலமாகக் கட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட்டில் ஆராய என்ன மிச்சம் இருக்கிறது? பாடம் நடத்துவதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை, கவலையில்தான் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பீம் மேலிருந்து வரும் எடையில் வளைகிறது. அடிப்பக்கம் இழுபடுகிறது, அந்த இழுப்பைக் கம்பி தாங்குகிறது. இந்த வளைவுக் கணக்கு நன்றாகவே தீர்ந்துவிட்டது. தீராதது ஷியர், அதாவது வெட்டு விசை. பீம் தூணில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும். வளைவில் உடையும் பீம் நன்றாகத் தொய்ந்து, எச்சரித்துவிட்டுத்தான் உடையும். ரிங் கம்பி, அதாவது நீளக் கம்பிகளைச் சுற்றி வளையமாகக் கட்டும் கம்பி, போதாத பீம் ஷியரில் உடையும்போது அந்த அவகாசம் கிடைக்காது. 1955-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு விமானப்படைக் கிடங்கின் கூரை, மேலே வேறு பாரம் எதுவும் இல்லாமல், தன் எடையிலேயே இப்படி உடைந்து விழுந்தது. அப்போது நடப்பில் இருந்த விதிகளே போதாது என்பது அதில் தெரிந்தது.

டொராண்டோவில் கானி என்ற பேராசிரியர் சின்ன பீம்களையும் பெரிய பீம்களையும் உடைத்துப் பார்த்து, 1967-இல் ஒன்றைக் காட்டினார். ரிங் கம்பி இல்லாத பீமின் உயரம் கூடக் கூட, ஒவ்வொரு சதுர அங்குலமும் தாங்கும் ஷியர் குறைந்துகொண்டே போகிறது. ஆய்வுக்கூடத்தில் சின்ன பீமை உடைத்துக் கிடைத்த எண்ணை அப்படியே பெரிய அடித்தளத்துக்குப் போட்டால் ஆபத்து என்று அர்த்தம். அமெரிக்க கான்கிரீட் நிறுவனத்தின் கட்டட விதித்தொகுப்பில் இந்த அளவு விளைவு 2019 பதிப்பில்தான் ஏறியது. இடையில் 52 ஆண்டுகள்! அந்தப் பதிப்புக்குச் சில வருடங்கள் முன்பு அதே டொராண்டோவில் 4 மீட்டர் உயரத்தில் ஒரு பீமை வார்த்து, "இது எந்தப் பாரத்தில் உடையும், சொல்லுங்கள்" என்று பொறியாளர்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள். வந்த விடைகள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருந்தன. அனுபவசாலிகளே இப்படி மாறுபடும் ஒரு விஷயத்தை முடிந்துபோன துறை என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு பக்கம் சிமென்ட். மனிதர்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. சூளைக்கு எரிக்கும் எரிபொருள் மட்டும் காரணமில்லை, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே அதற்குள் இருக்கும் வாயு வெளியே வந்தாக வேண்டும். ஆகவே, சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்து, கிளிங்கரை, அதாவது சூளையில் சுட்டெடுத்து சிமென்டாக அரைக்கும் கட்டியை, பாதியாகக் குறைக்கும் சிமென்ட் வரைக்கும் வேலை நடக்கிறது. அப்படி மாற்றிய கான்கிரீட் 50 வருடம் கழித்துக் கம்பியைத் துருவிலிருந்து காக்குமா, பழைய சமன்பாடுகள் அதற்குப் பொருந்துமா என்பதெல்லாம் உங்கள் மகளின் தலைமுறை பதில் சொல்ல வேண்டியவை.

சரி, ஆராய்ச்சி என்றால் அன்றாடம் என்ன செய்வார்? பட்டத்தைப் பற்றி யோசிக்கும் பலர் இதைக் கேட்பதே இல்லை. கம்பி எவ்வளவு நீள்கிறது என்று அளக்க அதில் ஒட்டும் திரிபுமானியை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நகத்தைவிடச் சின்னது. கம்பியின் வரிமேடுகளைத் தேய்த்துச் சமனாக்கி, உப்புத்தாள் போட்டு, அசிட்டோனில் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்ட வேண்டும். பிறகு மயிரிழை போன்ற ஒயரைப் பற்றவைத்து, ஈரம் புகாமல் பூசி மூட வேண்டும். இப்படி ஒரு பீமுக்கு 20 ஒட்டினால், கான்கிரீட் கொட்டும் நாளில் வைப்ரேட்டர் முனை பட்டு நாலைந்து செத்துப்போகும். வார்த்த பிறகு 28 நாள் காத்திருப்பு. சோதனை நாளில் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் விளக்கைப் பிடித்து விரிசலைத் தேடி, பென்சிலால் அதன் பக்கத்திலேயே கோடு போட்டு, அந்த நேரத்துப் பாரத்தை எழுத வேண்டும். கடைசியில் பெரிய சத்தத்தோடு உடையும். ஆறு மாத உழைப்பு ஒரு மதியத்தில் முடியும், அதே பீமை இரண்டாம் முறை உடைக்க முடியாது. இதில் மனம் ஒன்றுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாழ்க்கை இல்லை. கணினி முன்னால் மட்டும் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்து வருகிறவர்கள் இரண்டாம் வருடத்தில் சோர்ந்துபோகிறார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

கான்டிலீவர் சிலாப், அதாவது ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பால்கனி. அதன் வளைவு விசையை நொடியில் கணக்குப் போட்டுச் சொல்லும் மாணவரிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "கம்பியை எங்கே வைப்பாய், வரைந்து காட்டு" என்று கேட்டுப் பாருங்கள். கணிசமானவர்கள் அடியில் வரைவார்கள். அது மேலே வர வேண்டும், ஏனென்றால் இங்கே இழுபடுவது மேல்பக்கம். சமன்பாடு சரியாக வந்தும் படம் ஏன் தப்பாகிறது? எந்த இடத்தில் அந்தப் பிள்ளையின் மனதில் கணக்கும் பொருளும் பிரிந்துபோயின? இது கான்கிரீட் கேள்வியும் கூட. தப்பான படம் ஒருநாள் நிஜமான பால்கனி ஆகிவிடலாம்.

நடந்த ஒன்றையே சொல்கிறேன். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வே கடலோரத்தில் ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய்த் தளத்தின் பிரம்மாண்டமான கான்கிரீட் அடிப்பகுதி, சோதனைக்காகத் தண்ணீரில் அமிழ்த்தப்பட்டபோது உள்ளறைச் சுவர் ஒன்று உடைந்து, முழுவதுமாக மூழ்கிப்போனது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. காரணம் தேடியபோது, கணினிக் கணக்கில் அந்தச் சுவரின் ஷியர் 47 சதவீதம் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது தெரிந்தது. கம்பி அமைப்பும் போதவில்லை. கையால் போடும் எளிய கணக்கிலேயே அந்தக் குறை பிடிபட்டிருக்கும் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். மென்பொருள் கொடுத்த எண்ணைச் சந்தேகிக்கும் பழக்கத்தை ஒருவருக்கு எந்த வயதில், எப்படிக் கற்றுக்கொடுப்பது? பொறியியல் கல்வி ஆராய்ச்சி என்பது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான் எடுத்துக்கொள்கிறது.

அது தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. அமெரிக்காவில் பர்டியூ, வர்ஜீனியா டெக் ஆகிய பல்கலைக்கழகங்கள் 2004-இல் இதற்கென்றே துறை தொடங்கின. 2014-இல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சுமார் 34 சதவீதம் பேர் தோற்றார்கள், வகுப்பிலேயே யோசித்து, விவாதித்துக் கற்றவர்களில் சுமார் 22 சதவீதம். ஆனால் ஒன்று: இங்கே வேலை செய்யும் முறை வேறு. நேர்காணல், கருத்துத் தெளிவுச் சோதனை, புள்ளியியல், மாணவர்களிடம் ஒப்புதல் வாங்கி நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறுவது எல்லாம் உண்டு. "என் வகுப்பில் இதைச் செய்தேன், பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது" என்று எழுதினால் நல்ல ஆய்விதழ் எதுவும் ஏற்காது.

அதனால் மகளுக்கு என் யோசனை: இரண்டையும் ஒரே ஆய்வேட்டில் திணிக்க வேண்டாம். மேற்பார்வையாளர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள், நடுவில் மாட்டிக்கொள்வது மாணவர்தான். முதலில் கான்கிரீட்டில் முனைவர் பட்டம், அந்தக் காலத்திலேயே கற்பித்தல் உதவியாளராக வகுப்பெடுத்து, கல்வி ஆராய்ச்சி முறைகளில் ஒரு பாடமும் படித்துக்கொள்வது என்பதையே பெரும்பாலும் சொல்வேன். பொருளை ஆழமாக அறிந்தவருக்குத்தான் மாணவர் எங்கே தடுக்குகிறார் என்பது கண்ணில் படும். மாணவர் எப்படி யோசிக்கிறார் என்பதே அவரை இரவில் தூங்கவிடாமல் செய்கிறது என்றால், நேரே கல்வி ஆராய்ச்சிக்கே போகட்டும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் குறைவு, போட்டி அதிகம். பட்டம் முடிய நாட்டைப் பொறுத்து மூன்றிலிருந்து ஆறு வருடம் வரை ஆகலாம், அதுவரை உதவித்தொகையில்தான் காலம் ஓட்ட வேண்டும். ஆனால் கான்கிரீட் படித்தவருக்குக் கல்லூரி மட்டுமே கதி என்று இல்லை. பழைய பாலங்களின் வலுவை மதிப்பிடுவது, சேதமான கட்டடங்களை ஆராய்வது, பழுதுபார்த்து வலுவூட்டுவது, சிமென்ட், கலப்புப்பொருள் நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு என்று வழிகள் உண்டு.

அப்புறம், பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் வழிகாட்டியையும் ஆய்வுக்கூடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சோதனை இயந்திரத்துக்கு எத்தனை மாதம் வரிசையில் நிற்க வேண்டும்? பீம் வார்க்கும் செலவு யாருடையது? கைகொடுக்கத் தொழில்நுட்ப உதவியாளர் இருக்கிறாரா? முன்னால் படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? இவற்றை இப்போது அங்கே படிக்கும் மாணவர்களிடம், பேராசிரியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும். அந்த ஆய்வுக்கூடத்தின் பழைய ஆய்வேடுகளில் நன்றியுரைப் பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள். உதவியாளர்களையும் சக மாணவர்களையும் பேர் சொல்லி வாஞ்சையோடு எழுதியிருந்தால், அங்கே மனிதர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள் என்று நான் நம்புவேன்.

வேலையை உடனே விட வேண்டாம். விடுப்பு போட்டு, படித்த கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு வார்ப்பு நாளும் ஒரு சோதனை நாளும் கூடமாட நின்று வரட்டும். அதே வாரத்தில் இளங்கலை மாணவர்கள் நாலைந்து பேரை உட்காரவைத்து, அந்த கான்டிலீவர் படத்தை வரையச் சொல்லி, ஒவ்வொருவரும் ஏன் அப்படி வரைந்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். இரண்டுக்கும் தனித்தனி நோட்டு. எதில் தானாகவே பக்கங்கள் நிரம்புகின்றன என்பதை நீங்களும் கவனியுங்கள். அடுத்த முறை பேசும்போது மகளையும் அழைத்து வாருங்கள், இரண்டு நோட்டுகளோடு.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்