ஃபைபர் அறுந்தால் முக்கால் நிமிடம் எங்கே போகிறது?

கேள்வி: நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் என்று ஐந்து ஊர்களில் ரவுட்டர் வைத்து, ஃபைபரை ரிங்காகப் போட்டு இணையச் சேவை கொடுத்துவருகிறேன். வெளி இணைப்பு நாகர்கோவிலில் வருகிறது. உள்ளே ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பாதையை முடிவுசெய்யும் நெறிமுறை) ஓடுகிறது. நெடுஞ்சாலையில் எங்காவது ஜேசிபி ஃபைபரை அறுத்துவிட்டால் முக்கால் நிமிடம் போல எல்லாம் நின்றுபோய், அதன் பிறகுதான் மறுபக்கம் வழியாக வருகிறது. வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு வீடியோ காலில் பேசுகிறவர்கள் உடனே போன் போட்டுத் திட்டுகிறார்கள். விலை கூடிய ரவுட்டர் வாங்கினால் சரியாகும் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், பணத்தை வைத்திருங்கள். அதைச் செலவு செய்ய வேறு நல்ல இடம் ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இணைப்பு அறுந்ததும் ரவுட்டருக்கு நான்கு வேலைகள்: அறுந்ததைக் கண்டுபிடிப்பது, மற்ற ரவுட்டர்களுக்குச் சொல்வது, புதுப் பாதையைக் கணக்கிடுவது, அதைத் தன் அட்டவணையில் ஏற்றுவது. ஐந்தே ரவுட்டர் உள்ள வலையில் பாதைக் கணக்கை எந்தப் பழைய ரவுட்டரும் கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். உங்கள் நேரத்தைத் தின்பது முதல் வேலை. ஓஎஸ்பிஎஃப் வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லும் ஹலோ பாக்கெட் அனுப்பும். 40 விநாடி பதில் வராவிட்டால்தான் பக்கத்து ரவுட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டும். நீங்கள் சொல்லும் முக்கால் நிமிடம் அந்த 40 விநாடிதான், கூடவே கொஞ்சம் சில்லறை.

ஃபைபர் நேராக ரவுட்டரின் எஸ்எஃப்பியில் (ரவுட்டர் போர்ட்டில் செருகும் சின்ன ஒளிக் கருவி) செருகியிருந்தால் இந்தக் காத்திருப்பே வராது. ஒளி நின்ற மறுகணம் போர்ட் டவுன் ஆகும். மில்லிவிநாடிக் கணக்கில் ரவுட்டருக்குத் தெரிந்துவிடும். உங்களிடம் 40 விநாடி ஆகிறதென்றால் நடுவில் மீடியா கன்வர்ட்டரோ (ஃபைபர் ஒளியைச் செம்புக் கம்பிக்கு மாற்றும் பெட்டி) சாதாரண ஸ்விட்ச்சோ உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ஒளி நின்றது கன்வர்ட்டருக்குத் தெரியும். ஆனால் அதிலிருந்து ரவுட்டருக்கு வரும் செம்புக் கம்பி உயிரோடுதான் இருக்கும். ரவுட்டரோ லிங்க் நன்றாக இருப்பதாக நம்பி, பாக்கெட்டுகளை எல்லாம் அந்த வெற்றுக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆகவே கன்வர்ட்டர்களைத் தூக்கிவிட்டு எஸ்எஃப்பி போடுங்கள். சில இடங்களில் முடியாது என்றால், ஃபைபர் செத்ததும் செம்புப் பக்கத்தையும் தானே அணைத்துவிடும் வசதி பல கன்வர்ட்டர்களில் ஒரு குட்டி ஸ்விட்ச்சாக இருக்கும். இரு முனையிலும் அதை ஆன் செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் பிஎஃப்டி.

பிஎஃப்டி என்பது 2010இல் ஆர்எஃப்சி 5880 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறை ஆவண வரிசை) ஆக வெளிவந்த எளிய நெறிமுறை. இரு ரவுட்டர்களும் சின்னச் சின்ன பாக்கெட்டுகளை விடாமல் பரிமாறிக்கொள்ளும். தொடர்ந்து மூன்று வராவிட்டால் ஓஎஸ்பிஎஃப்பிடம் சொல்லிவிடும். 300 மில்லிவிநாடி இடைவெளி, மூன்று தவறல் என்று வைத்தால் ஒரு விநாடிக்குள் தெரிந்துவிடும். 50 மில்லிவிநாடி வைத்தால் இன்னும் வேகம் என்று ஆசைப்படாதீர்கள். எல்லாவற்றையும் சிபியுவே செய்யும் சின்ன ரவுட்டரில், மாலை நேர நெரிசலில் நாலு பாக்கெட் தாமதமானாலே நல்ல லிங்க்கை செத்ததாக அறிவித்துவிடும். அந்தத் தொல்லைக்கு 40 விநாடியே தேவலாம். மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர் வைத்திருந்தால் அதன் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ்ஸின் பதிப்பைப் பாருங்கள். ரவுட்டர்ஓஎஸ் 7இன் தொடக்கப் பதிப்புகளில் பிஎஃப்டி இல்லை, பிறகுதான் வந்தது.

கையோடு இன்னும் இரண்டு. ரிங்கில் உள்ள ஒவ்வொரு லிங்க்கையும் ஓஎஸ்பிஎஃப்பில் பாயின்ட்-டு-பாயின்ட் (இரு முனை மட்டும்) வகையாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் லிங்க் வரும்போது இரண்டே ரவுட்டருக்கு நடுவில் தலைவர் தேர்தல் நடத்த 40 விநாடி காத்திருக்கும். பழைய மென்பொருளில் பாதைக் கணக்கைத் தொடங்கும் முன் 5 விநாடி சும்மா நிற்கும் வழக்கமும் உண்டு. முதல் கணக்குக்கு 50 மில்லிவிநாடி, அடுத்தடுத்து மாற்றம் வந்தால் காத்திருப்பு கூடிக்கொண்டே போகும்படி வையுங்கள்.

இவ்வளவும் செய்தால் ஒன்றரை விநாடிக்குள் மீண்டுவிடும். வீடியோ ஒரு நொடி உறைந்து தொடரும், கால் துண்டிக்காது. உங்கள் அளவுக்கு இது போதும் என்பது என் கருத்து.

போதாது, 50 மில்லிவிநாடி வேண்டும் என்பவர்களுக்கு மாற்றுவழியை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. எல்எஃப்ஏ என்பார்கள், 2008இல் ஆர்எஃப்சி 5286. ஆனால் ரிங்கில் அது காலை வாரும். உங்கள் வலையையே எடுத்துக்கொள்வோம், எல்லா லிங்க்குக்கும் ஒரே காஸ்ட் (பாதையைத் தேர்ந்தெடுக்க ஓஎஸ்பிஎஃப் பார்க்கும் எண்) என்று வைப்போம். நாகர்கோவில்-தக்கலை அறுந்தது. மார்த்தாண்டத்துக்குப் போகிற பாக்கெட்டைக் குளச்சலிடம் கொடுத்தால் அது கருங்கல் வழியே அனுப்பிவிடும், பிரச்சினை இல்லை. தக்கலைக்குப் போகிற பாக்கெட்டைக் கொடுத்தால்? குளச்சலைப் பொறுத்தவரை தக்கலைக்குக் கிட்டின வழி நாகர்கோவில்தான். அறுந்த செய்தி அதற்கு இன்னும் போய்ச் சேரவில்லை. திருப்பி நாகர்கோவிலுக்கே அனுப்பும். செய்தி சேரும்வரை பாக்கெட் இரண்டு ஊருக்கும் நடுவே அலையும். ரிமோட் எல்எஃப்ஏ (2015, ஆர்எஃப்சி 7490) இதைச் சுரங்கவழி ஒன்றால் தீர்க்கிறது: நாகர்கோவில் பாக்கெட்டைக் கருங்கல்வரை பொதிந்து அனுப்பிவிடும்; கருங்கல்லிலிருந்து தக்கலைக்கு மார்த்தாண்டம் வழிதான் கிட்ட. இதற்குப் பெரும்பாலும் எம்பிஎல்எஸ் (பாக்கெட்டில் லேபிள் ஒட்டி அனுப்பும் முறை) வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

ரவுட்டருக்கு ஒதுக்கிய பணம் இங்கேதான் உதவும். இரணியல், திங்கள்சந்தை வழியாகத் தக்கலைக்கும் குளச்சலுக்கும் நடுவே குறுக்காக ஒரு ஃபைபர் இழுங்கள். நாகர்கோவில், தக்கலை, குளச்சல் மூன்றும் முக்கோணமாகிவிடும். அப்போது நாகர்கோவிலிலிருந்து கிளம்பும் இரண்டு கைகளில் எது அறுந்தாலும் சாதாரண எல்எஃப்ஏவே காப்பாற்றும். தக்கலை-மார்த்தாண்டம் மாதிரி மேற்குப் பக்க லிங்க்குகளுக்கு இந்தக் காப்பு கிடைக்காது; அங்கே மேலே சொன்ன ஒன்றரை விநாடிதான். ஆனால் வெளி இணைப்புக்கான போக்குவரத்து முழுவதும் முட்டுவது நாகர்கோவில் கைகளில்தானே.

குறுக்கு ஃபைபர் இழுக்கும்போது எந்தக் கம்பத்தில், எந்தப் பாலத்தில் போகிறது என்று நடந்தே பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து மேற்கே எந்தச் சாலையில் போனாலும் வள்ளியாறு குறுக்கிடும். இரண்டு பாதையும் ஒரே பாலத்தில் ஒரே குழாய்க்குள் போனால், வரைபடத்தில் ரிங், நிஜத்தில் ஒற்றை வழி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது மரமும் மின்கம்பமும் மாவட்டம் முழுக்கச் சாய்ந்தன. அந்த மாதிரி நாளில் எந்த நெறிமுறையும் உதவாது. மண்ணுக்குள் போகிற கேபிளும் ஒவ்வொரு ஊரிலும் நல்ல பேட்டரியும்தான் உதவும்.

அறுந்த ஃபைபரை ஒட்டும்போது லிங்க் வந்து வந்து போகும். ஒவ்வொரு முறையும் போக்குவரத்து அந்தப் பக்கம் தாவினால் வாடிக்கையாளர் மறுபடி போன் போடுவார். அதனால் லிங்க் திரும்பி வந்தால் அரை நிமிடமாவது நிலையாக நின்ற பிறகு நம்பும்படி அமையுங்கள். போகும்போது வேகம், வரும்போது நிதானம்.

வெளி இணைப்பு பிஜிபியில் (வேறு நிறுவன வலையோடு பாதைகளைப் பரிமாறும் நெறிமுறை) இருந்தால் அங்கேயும் இதே நோய் உண்டு. அது ஆள் இல்லை என்று முடிவெடுக்க 90 விநாடி, சில ரவுட்டர்களில் 180 விநாடி ஆகும். இரண்டு வெளி இணைப்பு வைத்தும் மாறத் தாமதமாகிறது என்றால் காரணம் இதுதான். வெளி இணைப்பு தரும் நிறுவனத்திடமும் பிஎஃப்டி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு விடிகாலை மூன்று மணிக்குச் சோதித்துப் பாருங்கள். விநாடிக்குப் பத்து பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை பாக்கெட்) ஓடவிட்டு ஃபைபரைக் கழற்றுங்கள். ஒன்பது பிங் தவறினால் முக்கால் முதல் ஒரு விநாடி என்று கணக்கு. கழற்றுவது ரவுட்டர் முனையில் வேண்டாம், அங்கே எப்போதும் நன்றாகத்தான் வேலை செய்யும். வழியில் உள்ள ஜாயின்ட் பெட்டியில் கழற்றுங்கள். அதிலும் ஒரு தடவை இரண்டு கோரையும் (ஒளி போக ஒன்று, வர ஒன்று என்ற ஃபைபர் இழைகள்), இன்னொரு தடவை ஒரே ஒரு கோரை மட்டும். ஒரு பக்கம் ஒளி போய் மறுபக்கம் ஒளி இருக்கும் அரைச் சாவைத்தான் பல வலைகள் கண்டுகொள்வதில்லை.