சிரிக்கிறதும் வேலைதான்: யாழ்ப்பாணத்து ஹோட்டல், பயண வேலைக்காரரின் கேள்விகளும் பதில்களும்

(பதில் சொல்பவர், ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை செய்து, இப்போது புதுப் பிள்ளைகளைப் பழக்கும் அக்கா ஒருவர்.)

கேள்வி: அக்கா, நான் ரிசெப்ஷனில நிற்கிறன். பாரம் தூக்கிற வேலையில்லை. ஆனால் வீட்டை வந்தால் அம்மாவோடயும் கதைக்க மனம் வருகுதில்லை. ஏன்?

பதில்: பிள்ளை, உள்ளுக்குள்ள கோபம் வரவர முகத்தை மலர்ச்சியா வச்சிருக்கிறதும் உழைப்புத்தான். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, 1983இல் இதைப் பற்றி விரிவா எழுதினவர் ஆர்லி ஹொக்ஷில்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர். சிலர் முகத்தால மட்டும் சிரிப்பினம். சிலர், கத்துற பயணியைப் பறக்கப் பயந்த குழந்தையா நினைச்சு மனத்தையே இளக்குவினம். முதலாவதுதான் ஆளைக் கூடக் களைக்கப் பண்ணும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் அப்படி நின்றால் வீட்டில கதைக்க என்ன மிஞ்சும்?

கேள்வி: சின்ன ஹோட்டல் ஒன்று வச்சிருக்கிறன். பழக்கிவிட்ட பிள்ளைகள் நிற்கினமில்லை. சம்பளம் கூட்டியும் போகினம்.

பதில்: கூட்டினது நல்லம் ஐயா. ஆனால் இதை யோசிச்சுப் பாருங்கோ. மத்தியானம் ரெண்டு மணிக்கு முதல் ரூம் குடுக்கவேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருப்பியள். கனடாவில இருந்து வந்த குடும்பம் ஒன்று காலமை வந்து நின்று கத்தும். பிள்ளை உங்கட சொல்லைக் காப்பாற்றிப் பேச்சு வாங்கும். பிறகு நீங்கள் வந்து, சிரிச்சுக்கொண்டு திறப்பைக் குடுப்பியள். அந்த இடத்தில பிள்ளை வேலையை மனத்தால விட்டிட்டுது, கடிதம் பிறகுதான் வரும். ரூம் குடுக்கிறதெண்டால் அந்தப் பிள்ளையின்ர கையால குடுக்க விடுங்கோ. கெட்ட பேச்சுப் பேசினால் உள்ள வந்து உங்களைக் கூப்பிட உரிமை குடுங்கோ. சீசன் எண்டாலும் கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்கு மேல போனால் ஓவர்டைம் காசு குடுக்கவேணும், அது சட்டம்.

கேள்வி: கட்டுநாயக்கா எயார்போட்டில இரவு ஆக்களை வாகனத்தில ஏத்தி விடிய யாழ்ப்பாணம் வாறன். வழி நெடுகக் கதைக்கச் சொல்லுவினம். ஏலாமல் இருக்கு.

பதில்: தம்பி, ஏறேக்கையே சொல்லிப்போடுங்கோ, "இரவில நான் றோட்டைப் பார்த்துத்தான் ஓடுவன், கதை விடிஞ்சாப்போல." ஆரும் கோவிக்க மாட்டினம். அடுத்த ஹயர் நித்திரைக்குப் பிறகுதான்.

கேள்வி: இப்பிடி வேலையால மனம் களைச்சுப்போறதை 'பேர்ண்அவுட்' (burnout) எண்டு சொல்லுகினம். இது வருத்தமா? டொக்டரிட்டப் போகவேணுமா?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை வருத்தம் என்று சொல்லேல்லை, வேலையால வாற நிலை என்றுதான் வகைப்படுத்தினது. சக்தி வத்திப்போறது, வேலையில வெறுப்பு, செய்யிறது ஒன்றும் சரிவருகுதில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் அதின்ர குறிகள். ஆனால் நித்திரை, சாப்பாடு குழம்பி, சாகலாம் என்ற நினைப்பு வந்தால் சீசன் முடியட்டும் என்று பார்த்துக்கொண்டிராதேங்கோ. உடன டொக்டரிட்டப் போங்கோ. மனநல உதவிக்கான 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் நடுச்சாமத்திலயும் கதைக்கலாம்.