வாசனை எப்படி ஒத்திவைக்கும்? – கடிதம்

அன்பின் ஐயாவுக்கு,

மகள் இவ்வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். ‘புட் ஓஃப்’ என்றால் ஒத்திவைத்தல் என்று டியூட்டரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சித்தாளிலோ ‘தி ஸ்மெல் புட் மீ ஓஃப்’ என்று வந்திருக்கிறது. வாசனை எப்படி என்னை ஒத்திவைக்கும் என்று கேட்கிறாள். இத்தகைய வினைகளின் முழுப் பட்டியல் எங்கே கிடைக்கும்? கடிதங்களில் ‘போஸ்ட்போன்’ என்று எழுதுவதுதான் மரியாதையா?

வாசகி, வெள்ளவத்தை

அன்பின் சகோதரிக்கு,

கூட்டத்தையோ பயணத்தையோ ‘புட் ஓஃப்’ செய்தால் அது தள்ளிப்போடுதல். ஆளைச் செய்தால், அருவருப்பூட்டி விலகச் செய்வதும், கவனத்தைக் குலைப்பதும், கடன் கேட்டு வந்தவரைச் சாக்குச் சொல்லி அனுப்புவதும் ஆகும். பின்னால் வினை வந்தால் ‘கோயிங்’ என்பதுபோல ‘இங்’ சேரும். ‘இட்’, ‘மீ’ போன்ற பிரதிப்பெயர்கள் இரு சொற்களுக்கும் நடுவிலேதான் நிற்கும். ‘போஸ்ட்போன்’ எழுதினாலும் குற்றமில்லை.

பட்டியலைக் கேட்டீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வினைகளே அந்நியருக்கு மிகப் பெரிய இடர்ப்பாடு என்று சாமுவேல் ஜோன்சன் 1755இல் தமது ஆங்கில அகராதியின் முன்னுரையில் எழுதினார். தமிழ்ப் பிள்ளைக்கு அவை ஏன் அத்தனை அந்நியமாக வேண்டும்? கொட்டாஞ்சேனையில் எங்கள் மாமி, வீட்டுக்குள் மாமாவை எவ்வளவு ஏசினாலும் அயலார் முன்னிலையில் அவரை ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. அதே மாமா ஊர்க் காணியின் வேலி எல்லையைத் தமையனுக்கு விட்டுக்கொடுத்தபோது, மாமி ஒரு கிழமையாக அவருடன் முகம்கொடுத்துப் பேசவுமில்லை. அவரை விட்டுக்கொடுப்பது வேறு, அவருக்கு விட்டுக்கொடுப்பது வேறு என்பதைச் சிறுவர்களாகிய எங்களுக்கு எவரும் அட்டவணை போட்டுக் கற்பிக்கவில்லை. ‘ஐ’யும் ‘கு’வும் வந்த இடத்தைக் கேட்டே விளங்கிக்கொண்டோம். ‘காட்டிக்கொடு’ என்பதில் காட்டுவதையும் கொடுப்பதையும் தனித்தனியே கூட்டிப் பார்த்தால் துரோகம் என்ற பொருள் கிடைத்துவிடுமா? வீட்டில் இப்படிப்பட்ட மொழியைப் பேசிக்கொண்டு, ஆங்கிலம் என்றவுடன் ஒரு வினைக்கு ஒரு பொருள் என்று பிள்ளையை மனனம் செய்ய வைப்பது வெறும் சோம்பல், சகோதரி. கற்பிப்பவரின் சோம்பலுக்கு நீங்கள் கட்டணமும் செலுத்துகிறீர்கள்.

உங்கள் மகள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள், அவளை ஏசிவிடாதீர்கள். பட்டியலை விட்டுவிட்டு, ஒவ்வொரு வினைக்கும் ‘எதை?’, ‘யாரை?’ என்று கேட்டு, அவளே இரண்டு வாக்கியங்கள் எழுதட்டும். டியூட்டரியில் யாராவது கோபித்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.