இரண்டு யூபிஎஸ், ஒரே லோடு: பாதிப் பாதி ஏன் வருவதில்லை?

இரண்டு 10 கேவிஏ யூபிஎஸ் பேரலலில், அதாவது அவுட்புட்டுகள் ஒன்றாக இணைந்து ஒரே லோடுக்குத் தரும்படி, ஓடுகின்றன. ஒன்று 9 ஆம்பியர், மற்றது 5 ஆம்பியர் தருகிறது. கோளாறா?

உடனே பயப்பட வேண்டாம். 230 வோல்ட்டில் ஒவ்வொன்றும் சுமார் 43 ஆம்பியர் தரக்கூடியது. இவ்வளவு குறைந்த லோடில் கரண்ட் சென்சாரின் சின்னப் பிழைகூடப் பெரிதாகத் தெரியும். லோடைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் வித்தியாசம் அதே 4 ஆம்பியர்தான் என்றால் விட்டுவிடலாம், லோடோடு சேர்ந்து அதுவும் ஏறினால் தேட வேண்டியதுதான்.

லோடே இல்லை, ஆனாலும் இரண்டின் அவுட்புட்டிலும் கிளாம்ப் மீட்டர் 6 ஆம்பியர் காட்டுகிறதே?

ஒன்று தருவதை இன்னொன்று வாங்கிக்கொள்கிறது. இதைத்தான் சர்குலேட்டிங் கரண்ட் என்கிறோம், எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். இரண்டும் தரும் ஏசி வோல்டேஜ் அலைகள் ஒரே ஒரு டிகிரி விலகினால் போதும், நடுவே 4 வோல்ட் வந்துவிடும். இரண்டுக்கும் இடையிலான மொத்த இம்பிடன்ஸ் (ஏசி கரண்டுக்கு வரும் தடை) 0.1 ஓம்தான் என்றால் 40 ஆம்பியர், லோடுக்குப் போகாமல் வீணாகச் சுற்றும். இதைத் தடுக்கத்தான், அதிக லோடு தூக்கும் யூனிட் தன் ஃப்ரீக்வென்சியைத் துளி இறக்கிக்கொள்கிறது. அதன் அலை கொஞ்சம் பின்தங்க, பாரம் மற்றதன் தலைக்குப் போகிறது. ரியாக்டிவ் பவருக்கு (வேலை செய்யாமல் போய்த் திரும்பும் பவர்) இதே வேலையை வோல்டேஜ் செய்யும். டிரூப் என்பது இவ்வளவுதான். பல மாடல்கள் இதை பேரலல் கேபிள் வழியாகப் பேசிக்கொண்டு சரிசெய்யும், அதனால் முதலில் அந்த கனெக்டர் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இரண்டின் அவுட்புட் வோல்டேஜையும் ஒரே மீட்டரால் அளந்து ஒப்பிடுங்கள்.

அவுட்புட் கேபிள்கள் ஒரே நீளம் இருக்க வேண்டுமா?

கட்டாயம், பைபாஸுக்குப் போகும் இன்புட் கேபிளும்தான். பைபாஸ் என்பது யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் இன்வெர்ட்டரைத் தாண்டி மெயின்ஸை நேராக லோடுக்குத் தரும் பாதை. பைபாஸில் பங்கு பிரிக்கக் கன்ட்ரோல் எதுவும் கிடையாது, கேபிளின் இம்பிடன்ஸ்தான் பிரிக்கும். ஓரிடத்தில் ஒரு கேபிள் நேராக வந்திருந்தது, மற்றது சுவரைச் சுற்றி ஏறக்குறைய இரட்டை நீளத்தில் போயிருந்தது. இன்வெர்ட்டரில் ஓடியவரை சமம். பைபாஸுக்கு மாறியதும் குட்டைக் கேபிள் கை வைக்க முடியாத அளவு சுட்டது.

வேறு வேறு கம்பெனி யூனிட்களைச் சேர்க்கலாமா?

கூடாது. ஒரே கம்பெனி என்றாலும் பேரலலுக்கென்றே செய்த மாடல், ஒரே ஃபர்ம்வேர் வேண்டும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர்களின் அவுட்புட்டை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் உள்ளே கரண்டை ஸ்விட்ச் செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் வெடிக்கும்.

இரண்டும் சமமாக 65 சதவீதத்தில் ஓடுகின்றன. சரிதானே?

பங்கு சரி, பாதுகாப்பு இல்லை. ஒன்று நின்றால் மற்றதன் மேல் 130 சதவீதம் விழும், அது சீக்கிரமே பைபாஸுக்கு ஓடிவிடும், அந்த நேரம் மெயின்ஸ் இல்லையென்றால் எல்லாம் அணைந்துவிடும். ஒவ்வொன்றையும் 50 சதவீதத்துக்குள் வைத்தால்தான் இரண்டாவது யூபிஎஸ் வாங்கியதற்குப் பலன்.